இருபது ரூபாய்க்கு எத்தனை நிபந்தனை!

தாம்பரத்தில் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால் போதும், மின்சார ரயிலில் ஆளுக்கொரு நிதியமைச்சர் ஆகிவிடுவார்கள். ‘இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுத்துட்டாங்க சார்!’ என்று ஆரம்பித்து, பல்லாவரம் வருவதற்குள் தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

அந்த ‘இலவச’ங்களில் ஒன்றை மட்டும் பார்ப்போம். தமிழக அரசின் வேலையில்லா இளைஞர் உதவித்தொகை. 2006-ல் தி.மு.க. ஆட்சியில் தொடங்கியது. அடுத்து வந்த அ.தி.மு.க.வும் நிறுத்தவில்லை. பல வருடங்களாகப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். ஒரு நாளைக்கு இருபது. சானடோரியம் மெப்ஸில் வேலை கேட்டு அலைகிற பையனுக்கு ஒரு டீ, ஒரு வடை. ஆச்சு.

அதை வாங்க என்ன பாடு தெரியுமா? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-ஐத் தாண்டக்கூடாது. ‘இன்னும் வேலை கிடைக்கவில்லை’ என்று வருடாவருடம் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அதுவும் மூன்று வருடத்தோடு சரி.

இப்போது பேரேட்டின் மறுபக்கம். 2023 மத்திய பட்ஜெட்டில், புதிய வரி முறையில் 5 கோடிக்கு மேல் சம்பாதிப்பவர்களின் சர்சார்ஜை 37 சதவிகிதத்திலிருந்து 25 ஆகக் குறைத்தார்கள். உச்ச வரி 42.74-லிருந்து 39 ஆனது. பி.காம். படித்த தோஷம், கணக்குப் போட்டேன். அந்த முறையில் 10 கோடி ரூபாய்க்கு வரி கட்டுகிறவருக்கு மிச்சம் சுமார் 37 லட்சம். ஐந்நூறு பட்டதாரிகளின் ஒரு வருட உதவித்தொகை, ஒரே மனிதருக்கு!

2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 22 சதவிகிதமாக்கியபோது, வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. ‘பழைய சலுகைகளை விட்டுக்கொடு’ என்ற நிபந்தனை இருந்தது. ‘இத்தனை பேருக்கு வேலை கொடு’ என்பது இல்லை. முதலீடு வரும், வேலை தானாக வரும் என்றார்கள்.

வந்ததா? மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது: மூன்று வருடத்தில் கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஆள் சேர்ப்பும் சம்பளமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

2022 ஜூலையில் ‘ரேவடி கலாசாரம்’ நாட்டுக்கு ஆபத்து என்றார் பிரதமர் மோடி. ரேவடி என்றால் எள்ளு மிட்டாய். அதையே ஏழைக்குக் கொடுத்தால் இலவசம், முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம்!

பா.ஜ.க.வை மட்டும் திட்டிப் பயனில்லை. 1997-ல் ப.சிதம்பரம் உச்ச வருமான வரியை 40-லிருந்து 30 ஆக்கியதும் ‘கனவு பட்ஜெட்’ என்று கொண்டாடியவர்கள்தானே நாம்? கழகங்கள் மாறி மாறி ஆண்டும் அந்த 600 நகரவில்லையே, அதை எத்தனை பேர் கேட்டோம்?

வரிக் குறைப்பே பாவம் என்று நான் சொல்லவில்லை. இரண்டுமே கஜானா பணம். அப்படியானால் விதியும் ஒன்றாக இருக்கட்டும். இருபது ரூபாய் வாங்குகிறவனிடம் வருடாவருடம் எழுதி வாங்குகிறீர்களே, கோடிகளில் சலுகை வாங்குகிறவரிடமும் ஒரு தாளை நீட்டுங்கள்: ‘இந்த வருடம் இத்தனை பேருக்கு வேலை கொடுத்தேன்.’

கையெழுத்துப் போடட்டும், பார்ப்போம்!