கைப்பிரதிக்கு எழுதப்பட்ட கடிதங்கள்

அமெரிக்கப் புனைகதை உலகில் அண்மைப் பத்தாண்டுகளில் நிலைபெற்றுவிட்ட புதிய தொழில்களுள் ஒன்று நாவல் பயிற்றுநர் பணி. பதிப்பகத்தின் ஊழியராக இல்லாமல் எழுத்தாளரிடமே ஊதியம் பெற்று, முதல் வரைவு, திருத்தம், இலக்கிய முகவரிடம் கைப்பிரதியைக் கொண்டுசேர்த்தல் ஆகிய மூன்று கட்டங்களிலும் அவருடன் இருந்து வழிகாட்டுபவரையே இப்பெயர் குறிக்கிறது. இப்பணியைக் கற்பிக்கும் வகுப்புகளும் கையேடுகளும் பெருகிவரும் நிலையில், கதைக்கட்டமைப்பு அட்டவணையைத் தேர்ந்து கற்ற எவரும் எந்தக் கைப்பிரதியையும் சீர்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை அவற்றுள் பலவற்றின் அடித்தளமாக அமைந்திருக்கிறது. நூறாண்டுக்கும் மேற்பட்ட கைப்பிரதி வாசிப்பு மரபு ஒன்று கண் முன்னே இருக்க, அதைப் புறக்கணித்து எழுந்த இந்த நம்பிக்கை ஆழமற்றது, பிழையானது.

அம்மரபின் தொடக்கத்தை விரைவாகக் கடந்துவிடலாம். லண்டனில் 1870களில் ஏ.பி. வாட் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் இடையே நின்று தரகு பெறும் முகவர் தொழிலை நிறுவியபோது, நூலை விற்பது எழுதுவதிலிருந்து பிரிந்து தனிப்பணியானது. அதே நகரில் எட்வர்ட் கார்னெட், பதிப்பகங்களுக்கு வந்துசேரும் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துரைக்கும் வாசகராகப் பணியாற்றி, ஜோசப் கான்ராடை இரண்டாவது நாவல் எழுதத் தூண்டினார், டி.எச். லாரன்ஸின் ‘சன்ஸ் அண்ட் லவர்ஸ்’ 1913இல் வெளிவரும் முன் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நீக்கினார். நீக்கப்பட்ட பகுதிகள் கேம்பிரிட்ஜ் பதிப்பில் 1992இல்தான் மீண்டன. கார்னெட்டின் கூர்மை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அவர் கையில் இருந்தது பெரும்பாலும் கத்தரி.

கத்தரியை விடக் கடிதத்தை நம்பியவர் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தின் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ். ‘தி கிரேட் கேட்ஸ்பி’யின் கைப்பிரதியைப் படித்துவிட்டு 1924 நவம்பரில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அவர் எழுதிய கடிதம், இத்துறையில் நுழைவோர் அனைவரும் வரிவரியாகப் பயில வேண்டிய ஆவணம். நாவலின் சிறப்புகளை மனமாரப் பாராட்டிய பின், மற்றப் பாத்திரங்கள் கண்ணெதிரே நிற்க, கேட்ஸ்பி மட்டும் மங்கலாகவே தெரிகிறான் என்றும், அவனுடைய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வாசகருக்குச் சிறு குறிப்புகளாவது தேவை என்றும், அவன் தன் கடந்தகாலத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நாவலின் இயல்பான நடைக்குப் பொருந்தவில்லை என்றும் பெர்கின்ஸ் குறிப்பிட்டார். தீர்வுகளைப் பொறுத்தவரை, ஒன்றிரண்டு யோசனைகளைக் கோடிகாட்டியதோடு அவர் நிறுத்திக்கொண்டார். ரோமில் தங்கியிருந்த ஃபிட்ஸ்ஜெரால்ட், கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது தமக்கே தெரிந்திருக்கவில்லை என்றும், அந்தக் குறையைத்தான் பெர்கின்ஸ் உணர்ந்திருக்கிறார் என்றும் பதிலில் ஒப்புக்கொண்டார். அவன் முகம் பிடிபடும்வரை மனைவி செல்டாவை விரல் வலிக்க வலிக்கப் படம் வரையவைத்ததாகவும் அதில் எழுதினார். அதன் பின் மெய்ப்புப் படிகளிலேயே, அதாவது அச்சுக் கோத்துத் திருத்தத்துக்கு அனுப்பப்பட்ட தாள்களிலேயே, அவர் நாவலை மாற்றி எழுதினார். நூலின் பிற்பகுதியில் திரண்டு கிடந்த கடந்தகாலம் கலைக்கப்பட்டது, டான் கோடியுடன் கழிந்த இளமை ஆறாம் அத்தியாயத்துக்கு முன்னகர்ந்தது. வாசகர் எங்கே தடுமாறுகிறார் என்பதைப் பிழையின்றிச் சொன்னவர் பெர்கின்ஸ். அத்தடுமாற்றத்தின் வேரைக் கண்டுபிடித்தவர் எழுதியவரே. இந்தப் பிரிவினையில்தான் பயிற்றுநர் பணியின் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அப்பிரிவினை குலைந்த இடங்களும் உண்டு. தாமஸ் வுல்ஃபின் ‘லுக் ஹோம்வர்ட், ஏஞ்சல்’ நாவலிலிருந்து 60,000க்கும் மேற்பட்ட சொற்கள் நீங்கியதற்கு அக்கைப்பிரதியின் அளவே காரணம் என்று கொள்ளலாம். பதிப்பாசிரியர் கார்டன் லிஷ், ரேமண்ட் கார்வரின் கதைகளில் செய்ததை அவ்வாறு கொள்ள இயலாது. 1981இல் வெளிவந்த தொகுப்பு, கார்வர் அளித்த கைப்பிரதியின் பாதி அளவுக்கும் கீழே சுருங்கியிருந்தது. நூலை நிறுத்திவிடும்படி அவர் மன்றாடி எழுதிய கடிதமும் பயன் தரவில்லை. மகனை இழந்த பெற்றோர் ரொட்டிக்கடைக்காரரின் முன்னே அமர்ந்து விடியும்வரை உண்டு பேசும் நீண்ட முடிவு, லிஷின் கையில் ஒரு தொலைபேசி அழைப்போடு அறுந்து நின்றது. 1983இல் அக்கதையின் விரிந்த வடிவத்தைக் கார்வர் வேறொரு தொகுப்பில் மீட்டெடுத்தது அவருடைய தரப்பு வாதமாகவே இன்றும் நிற்கிறது. லிஷின் பாணி அழகானது என்று கூறுவோருக்கு, அது யாருடைய பாணி என்ற கேள்விக்கு விடை கூறும் கடமையும் உண்டு.

பதிப்பகங்களுக்கு வெளியே, 1936இல் அயோவா பல்கலைக்கழகத்தில் உருப்பெற்ற எழுத்துப் பட்டறை முறை நாடெங்கும் பரவிற்று. எழுதியவர் வாய்திறவாமல் அமர்ந்திருக்க மற்றவர்கள் அவருடைய படைப்பை விவாதிக்கும் அம்முறை சிறுகதைக்குப் பொருந்தியதே தவிர, ஆண்டுக்கணக்கில் வளரும் நாவலுக்குப் பொருந்தவில்லை. அந்த மௌனம் யாருடைய வாசிப்பை அளவுகோலாக்குகிறது என்று 2021இல் எழுத்தாளர் மாத்யூ சலெஸெஸ் எழுப்பிய கேள்வி நியாயமானது.

இந்த வரலாற்றில் போதிய இடம் பெறாதவர் லிப்பின்காட் பதிப்பகத்தின் டே ஹோஹாஃப். 1957இல் அவரிடம் வந்த ஹார்ப்பர் லீயின் கைப்பிரதியில், நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பும் இருபத்தாறு வயதுப் பெண் ஜீன் லூயிஸ், தான் தெய்வமாக மதித்த தந்தை இனப்பிரிவினையை ஆதரிப்போரின் கூட்டத்தில் அமர்ந்திருப்பதைக் காண்கிறாள். கறுப்பின இளைஞர் ஒருவருக்காக அத்தந்தை வாதாடிய வழக்கு அதில் சில பத்திகளில் முடிந்துவிடும் பழைய நினைவு மட்டுமே. அவ்வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையும் பெறுகிறார். நாவலாகத் திரளாத நிகழ்ச்சிகளின் தொடர் என்று அதை மதிப்பிட்ட ஹோஹாஃப், குழந்தைப்பருவ நினைவுகள் வரும் பக்கங்களில்தான் உயிர் இருப்பதைக் கண்டு, லீயை அத்திசையில் திருப்பினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட பின், சிறுமியின் குரலில், விடுதலைக்குப் பதில் தண்டனையில் முடியும் வழக்கை நடுநாயகமாகக் கொண்டு, 1960 ஜூலையில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ வெளிவந்தது. சில வேளைகளில் லீ தம் கருத்துக்கு இணங்கினார், சில வேளைகளில் தாம் லீயின் கருத்துக்கு இணங்கினார், சில வேளைகளில் இருவரும் எண்ணிப்பாராத மூன்றாவது வழி பேச்சிலிருந்தே பிறந்தது என்ற பொருளில் ஹோஹாஃப் பின்னாளில் எழுதியிருக்கிறார். பழைய வரைவு ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்ற பெயரில் 2015இல் அச்சேறியபோது, ஹோஹாஃபே உண்மையான ஆசிரியர் என்றும் சிலர் பேசத் தலைப்பட்டனர். திசையைக் காட்டியவருக்கும் அத்திசையில் இரண்டரை ஆண்டுகள் நடந்தவருக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத பேச்சு அது.

இனி இன்றைய அட்டவணைகளுக்கு வரலாம். இவற்றுள் பரவலாக அறியப்பட்டது, பிளேக் ஸ்னைடர் 2005இல் திரைக்கதை எழுத்தாளர்களுக்காக வகுத்த பதினைந்து கட்டங்களின் வரிசை. இன்ன கட்டம் இன்ன பக்கத்தில் வர வேண்டும் என்று 110 பக்கத் திரைக்கதையை அளவாகக் கொண்டு அவர் நிர்ணயித்தார். 2018இல் ஜெசிக்கா பிராடி அதை நாவலுக்கு நீட்டினார். தேங்கி நிற்கும் முதல் வரைவை நகர்த்த இது உதவக்கூடும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் திருப்பங்கள் எவையும் இடம் தவறாத ஒரு கைப்பிரதியில் நாயகனின் முகம் மட்டும் தெரியவில்லை என்றால், அதைச் சொல்ல எந்தக் கட்டமும் உதவாது.

முன்வைப்புப் பயிற்சியின் சிக்கல் இதைவிடப் பெரிது. முகவருக்கு அனுப்பும் ஒருபக்க அறிமுகக் கடிதத்தையும் கதைச்சுருக்கத்தையும் வரைவு தொடங்கும் முன்பே எழுதவைத்து, அதன் கவர்ச்சியைக் கொண்டு நாவலின் வலிமையை அளக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அவ்வளவுகோலின்படி லீயின் 1957ஆம் ஆண்டு வரைவு குறையற்றது: ஊர் திரும்பும் மகள், தந்தையின் மறுமுகம், நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த இனப்பிரச்சினை என்று ஒரே பத்தியில் எந்த முகவரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் சுருக்கம் அதற்கு வாய்த்திருக்கும். சிறுமியின் விளையாட்டுகளும் கோடைக்கால மாலைகளும் அச்சுருக்கத்தில் ஒரு வரிகூடப் பெற்றிருக்க மாட்டா. சுருக்கத்தில் இடம்பெறாத பக்கங்களை அடையாளம் காணும் வாசிப்பே ஹோஹாஃபின் சாதனை. எனவே முன்வைப்பு, திருத்தம் முற்றுப்பெற்ற நூலிலிருந்து பிறக்க வேண்டிய கடைசிப் பணி.

அத்தகைய வாசிப்பைப் பழக்குவதற்கான பாடநூல்கள் முன்பு இருந்ததில்லை, இப்போது இருக்கின்றன. பெர்கின்ஸின் கடிதங்கள் 1950 முதலே நூலாகக் கிடைக்கின்றன. கேட்ஸ்பியின் திருத்தப்படாத மெய்ப்பு ‘டிரிமால்கியோ’ என்ற பெயரிலும், வுல்ஃபின் வெட்டப்படாத கைப்பிரதி ‘ஓ லாஸ்ட்’ என்ற பெயரிலும் 2000இல் வெளிவந்தன; கார்வரின் மூலவடிவங்கள் 2009இல் ‘பிகினர்ஸ்’ ஆயின. பயிற்சி பெறுபவர் ‘டிரிமால்கியோ’வை மட்டும் படித்து, ஃபிட்ஸ்ஜெரால்டுக்குத் தாமே ஒரு கடிதம் எழுதிய பின், பெர்கின்ஸின் கடிதத்தைத் திறந்து பார்ப்பாராயின், தாம் கட்டளையிட்ட இடங்களில் பெர்கின்ஸ் வினவியிருப்பதையும், தாம் கவனிக்காமல் கடந்த இடத்தில் அவர் நின்று பார்த்திருப்பதையும் ஒரே அமர்வில் உணர்வார். அதே முறையில் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ வரைவைப் படித்து எழுதும் கடிதம் தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான இறுதி விவாதத்தைச் செப்பனிடுவதோடு நின்றுவிடுகிறதா, பழைய கோடைக்காலங்களைப் பற்றி லீயிடம் மேலும் கேட்கிறதா என்பதைக் கொண்டு அவர் எங்கே நிற்கிறார் என்று ஆசிரியரால் சொல்லிவிட முடியும்.