ஒத்திகையில் சிக்கும் தீவிரவாதி

ஆண்டுக்கு இருமுறை மரக்காணம், கோட்டக்குப்பம் கரையோரத்துக்குத் தீவிரவாதிகள் வருகிறார்கள். வேடமிட்ட போலீசார்தான். படகில் வந்து ஊருக்குள் நுழையப் பார்ப்பார்கள், உள்ளூர் போலீசார் மடக்குவார்கள். மறுநாள் பேப்பரில் ‘டம்மி தீவிரவாதிகள் சிக்கினர்’ என்று படத்தோடு செய்தி வரும். ‘சாகர் கவாச்’ என்கிற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை இதுதான்.

கேலி செய்வது எளிது. ஆனால் இதற்குத் தேவை இருக்கிறது. 1914-இல் சென்னையைத் தாக்க எம்டன் என்ற போர்க்கப்பல் வரவேண்டியிருந்தது. ராஜீவ் காந்தியைக் கொல்ல 1991 மே மாதம் கோடியக்கரையில் இறங்கிய சிவராசன் கும்பலுக்கு ஒரு படகே போதுமாயிருந்தது. 2008 நவம்பரில் பத்துப் பேர் குஜராத் மீன்பிடிப் படகொன்றைக் கடத்தி, பிறகு ரப்பர் படகில் மாறி மும்பைக்குள் வந்தார்கள். 166 உயிர்கள் போயின. எதிரி மீனவரைப் போலவே வரும்போது பீரங்கியால் என்ன பயன்?

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நடந்த மாற்றம் சிறிதல்ல. கடல்சார் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படைக்கு வந்தது. மாநிலக் கடலோரக் காவல் நிலையங்கள் பெருகின. 2019 முதல் ‘சீ விஜில்’ என்று நாடு தழுவிய ஒத்திகையும் சேர்ந்துகொண்டது. கடற்படை, கடலோரக் காவல்படை, சுங்கம், மீன்வளத் துறை, உள்ளூர் போலீஸ் ஆகியவை சாதாரண நாளில் ஒன்றுக்கொன்று போன் போடுவதே அபூர்வம். ஒத்திகை நாளிலாவது பேசிக்கொள்கின்றன. யார் நம்பர் மாறியிருக்கிறது, எந்தப் படகில் டீசல் இல்லை என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும். என் கணக்கில் ஒத்திகையின் உண்மையான லாபம் இதுதான், பிடிபட்ட டம்மிகள் அல்ல.

குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒத்திகை தொடங்கியதுமே செய்தி வந்துவிடுகிறது. அந்த இரண்டு நாளும் ஈ.சி.ஆர். சாலையில் எல்லா வண்டியும் சோதனைக்கு நிற்கும். எதிர்பார்த்துக் காத்திருப்பவரிடம் ஆள் சிக்குவதில் என்ன சாமர்த்தியம்? சாதாரண நாளில் இதே சோதனைச்சாவடியின் கண், புதுச்சேரியிலிருந்து வரும் சரக்கு பாட்டில் மீதுதான் இருக்கும். அதுவும் வேலைதான், ஆனால் அந்தப் பழக்கம் கண்ணைக் கடல் பக்கம் திருப்பவிடாது.

கருவிகளின் கதையும் அப்படியே. படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஏஐஎஸ் கருவி 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குத்தான் கட்டாயம். கோட்டக்குப்பம் கரையில் கிடக்கும் ஃபைபர் படகு அதில் பாதி நீளம்கூட வராது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஆபத்தில் செய்தி அனுப்பலாம், வானிலை எச்சரிக்கையும் வரும். நல்ல கருவிதான். ஆனால் அது, தன்னைக் காட்டிக்கொள்ளச் சம்மதித்த படகைத்தான் காட்டும். கருவியே இல்லாமல் வரும் அந்நியப் படகை, பக்கத்தில் வலை போட்டிருக்கும் ஆள்தான் பார்க்க வேண்டும்.

கோட்டக்குப்பத்தில் அந்த ஆளின் நிலை என்ன? 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுந்தபின், வடக்கே போகும் மணல் தடைபட்டது. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் கடல் வீட்டுவாசலுக்கு வந்தது. கருங்கல் கொட்டினார்கள். கல்மேல் படகை இழுத்து ஏற்ற முடியாது. படகு வேறிடம் போனால் படகுக்காரரும் விடியற்காலையில் வேறிடத்தில்தான் நிற்பார். காவல் இல்லாத கரை இப்படியும் உருவாகிறது. ஆனால் மண்ணரிப்பு ஒரு துறையின் கோப்பு, பாதுகாப்பு இன்னொரு துறையின் கோப்பு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதால் ஆழ்கடலில் பார்க்கும் கண்கள் இன்னும் குறையும்.

மீனவர்களைக் கடலின் கண்ணும் காதும் என்று மேடையில் சொல்கிறோம். கரையில் அவரைக் காண்பதோ அடையாள அட்டை கேட்கும்போது மட்டும். மும்பையில் இறங்கியவர்களைப் பார்த்து, யார் நீங்கள் என்று முதலில் கேட்டது அந்தக் கரையின் மீனவர்கள்தான். இங்கே ஒருவர் கடலோரப் பாதுகாப்பு உதவி எண்ணான 1093-க்கு அழைத்து, சந்தேகப் படகு ஒன்றைச் சொல்கிறார் என்று வைப்போம். அழைத்தவரையே ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி அரைநாள் உட்காரவைத்தால், அன்றைய பாடு போனதோடு அடுத்த அழைப்பும் போயிற்று.

அடுத்த ஒத்திகையை மே மாதத்தில், முன்னறிவிப்பில்லாமல், தந்திராயன்குப்பம் கல்மேட்டில் வைத்துப் பார்க்கலாம். எத்தனை டம்மிகள் பிடிபட்டார்கள் என்பதைவிட, முதல் தகவலைச் சொன்னது யார், எத்தனை நிமிடத்தில் படகு கிளம்பியது என்று கணக்கெடுக்க வேண்டும். நழுவியவர்கள் எந்த வழியில் நழுவினார்கள் என்பதை மீனவப் பஞ்சாயத்தாரிடம் சொல்லவும் வேண்டும். அந்த வழி அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கக்கூடும்.