பனியா, புகையா? வடசென்னையின் முன்பனிக்காலப் படச்சுருள் ஒளிப்படங்கள்: ஒரு விமரிசன நோக்கு

முன்னுரை

எண்மக் கருவிகள் ஒளிப்படத் துறையை முழுமையாகக் கைக்கொண்ட பிறகும், இளம் ஒளிப்படக் கலைஞர் சிலர் படச்சுருளுக்குத் திரும்பியுள்ளனர். சென்னையில் அவர்கள் விரும்பிச் செல்லும் களங்களுள் ஒன்று, இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் கடற்கரை. விரும்பும் காலம் மார்கழியும் தையும். விடியல் வெண்மையில் பாதி கரைந்த விசைப்படகு, 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்தின் தூண்கள், தொலைவில் மங்கித் தெரியும் புகைபோக்கி ஆகியவை இவ்வகைப் படங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. காண்போரை ஈர்ப்பது பெரும்பாலும் அந்த வெண்மையே. அது பனியா, புகையா என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. இவ்வினாவைத் தவிர்க்கும் படம், அழகின் பெயரால் ஒரு நிலத்தின் துயரை மறைத்துவிடுகிறது என்பதே இதன் கருதுகோள்.

நெய்தலும் பொழுதும்

மார்கழியும் தையும் முன்பனிக்காலம். அகப்பொருள் இலக்கண மரபு முன்பனியைக் குறிஞ்சிக்கு உரியதாக்குகிறது. நெய்தலுக்கோ ஆறு பெரும்பொழுதும் உரியன. இன்றைய சென்னை நெய்தலில் முன்பனிக்காலம் வேறொரு பொருளையும் பெற்றுவிட்டது. தென்சென்னையின் மார்கழி சபாக்களின் இசையால் அறியப்படுகிறது. வடசென்னையின் மார்கழியும் தையும் விபத்துகளின் நாள்களைச் சுமக்கின்றன. 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டி, பெரியகுப்பத்தில் உள்ள உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் இருளில் வீடுகளை விட்டு வெளியேறினர்.

இம்மூன்று நிகழ்வுகளும் படச்சுருளின் எல்லையைச் சுட்டுகின்றன. அம்மோனியா நிறமற்றது; அந்த இரவின் காற்று எந்தப் படத்திலும் தெளிவாகவே தோன்றியிருக்கும். கறுப்பு-வெள்ளைப் படத்தில் நீர்மேல் மிதக்கும் எண்ணெய், படகின் நிழலாகத் தோன்றக்கூடும். கழிமுகத்தில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலோ வெறும் மணல்திட்டாகத் தோன்றிவிடும்.

வெண்மையின் இயல்பு

முன்பனிக்கால இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. அதன்மேல் வெப்பமான காற்றடுக்கு மூடிபோல அமைவதால், ஆலைப் புகையும் சரக்குந்துகளின் புகையும் போகிப் புகையும் மேலெழ இயலாமல் தாழத் தங்குகின்றன. பனியும் புகையும் ஒன்றாகக் கலந்து நிற்கும் பொழுது விடியலே. ஒளிப்படக் கலைஞர் தேர்ந்தெடுக்கும் பொழுதும் அதுவே.

ஆயினும் இரண்டின் ஒளியியல் இயல்பு ஒன்றன்று. பனித்துளி பெரியது; எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிக்கிறது. நுண்ணிய புகைத்துகள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிக்கிறது. எனவே கறுப்பு-வெள்ளைச் சுருளுடன் சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினால் நுண்புகை பெருமளவு விலகித் தொலைவிலுள்ளவை தெளியும். பனியோ அப்படியே நிற்கும். ஒரே இடத்தை வடிகட்டியுடன் ஒருமுறையும் இன்றி ஒருமுறையும் பதிவுசெய்தால் இரு படங்களின் வேறுபாடே சான்றாகும். பருத்த சாம்பல் துகளுக்கு இச்சோதனை பொருந்தாது. எனினும் வடிகட்டியை விலக்கி வெண்மையைக் காப்பது, கருவியின் குறைபாடு அன்று. எடுப்பவரின் தேர்வு என்பது இதனால் தெளிவாகும்.

சுருளின் நிலம்

படச்சுருளுக்குத் தமிழகத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு-வெள்ளைச் சுருள்களைத் தயாரித்தது. தூசியற்ற குளிர்காற்று அத்தொழிலின் அடிப்படைத் தேவை. வெள்ளியுப்புப் பூச்சில் ஒரு துகள் விழுந்தாலும் சுருள் பழுதாகும். ஆலை இன்று இயங்கவில்லை. சுருள் வெளிநாட்டிலிருந்து வரும் விலையுயர்ந்த பொருளாகிவிட்டது. தூய காற்றில் மட்டுமே உருவாகக்கூடிய ஒரு பொருள், தூய காற்று மறுக்கப்பட்ட மக்களின் மேல் திருப்பப்படுகிறது. அதை வாங்கும் வசதி அம்மக்களுள் மிகப் பலருக்கு இல்லை. இம்முரணைப் படச்சுருள் விமரிசனம் கருத்தில் கொள்ள வேண்டும்.

மறுதரப்பும் பொருட்படுத்தத்தக்கதே. 36 படங்களோடு முடியும் சுருள், எடுப்பவரை நிதானிக்கச் செய்கிறது. எதிரில் நிற்பவரிடம் பேசவும் இசைவு பெறவும் நேரம் தருகிறது. எதிர்மறைப் படிவம் கையில் எடுத்துக் காட்டத்தக்க பருப்பொருள். ஆனால் நிதானம் தானாகவே பொறுப்பாகிவிடுவதில்லை. எண்ணூர் மீனவர்களிடையே பணியாற்றியவரும் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளருமான எம். பழனிகுமார், பெரும்பாலும் எண்மக் கருவியையே கையாள்பவர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும் ஒளிப்படக் கலையைக் கற்பித்துவருகிறார். பாரி இணையக் காப்பகத்தில் அவருடைய படங்கள் இடமும் உழைப்பும் மக்களின் சொற்களும் சேர்ந்த குறிப்புகளோடு வருகின்றன. அங்கே கழிமுகம் என்பது மனிதர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி இறால் தேடும் பணியிடம். கருவியைவிடக் குறிப்பே படத்தின் அறத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

முடிவுரை

450 மெகாவாட் திறனுடைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் புகைபோக்கி இடம்பெறும் படத்தில் ஆண்டு குறிக்கப்படாவிடில், புகை அங்கிருந்து எழுகிறதா, அருகிலுள்ள வேறு ஆலையிலிருந்து வருகிறதா என்பதை யாராலும் கூற இயலாது. ஆகவே வடசென்னையின் முன்பனிக்காலப் படங்களுக்கு நாள், நேரம், இடம், காற்றின் திசை, வடிகட்டி ஆகிய ஐந்தும் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. இதனால் படத்தின் அழகு குறையாது. அவ்வெண்மையை நாள்தோறும் மூச்சில் இழுக்கும் ஒருவர், அப்படத்தைத் தமக்கான சான்றாக எடுத்துக்காட்டவும் இயலும்.