யார் வருவது?

இரவுக் காவலில் நிற்கும் சிப்பாய்க்குக் காலடிச் சத்தம் கேட்டால் போதும், ‘நில், யார் வருவது?’ என்று அதட்டுவார். வருவது கர்னலே ஆனாலும் அன்றைய அடையாளச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். அதே சிப்பாய் ஓய்வுபெற்ற பின், நவம்பர் மாதத்தில் வரும் ஓர் அழைப்புக்கு அடங்கிப்போகிறார். “சார், ரெக்கார்டு ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க லைஃப் சர்டிபிகேட் ஏறலை. இன்னிக்கு விட்டா பென்ஷன் நின்னுடும். ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க.” சொல்லி முடிப்பதற்குள் கணக்கு காலியாகிவிடுகிறது.

வாழ்நாள் சான்று அவசியமே. இறந்தவர் பெயரில் இன்னொருவர் ஓய்வூதியம் வாங்கிவிடாமல் காக்கும் வேலி அது. 2014 நவம்பரில் வந்த ‘ஜீவன் பிரமாண்’ என்ற மின்னணுச் சான்று முறை அந்த வேலியைத் தாண்டும் சிரமத்தையும் குறைத்தது. வங்கி வாசலில் கால்கடுக்க நின்ற முதியவர் இப்போது ஆதாரையும் கைரேகையையும் கொண்டே சான்று தரலாம். ரேகை தேய்ந்தவருக்கு, 2021 முதல் கைப்பேசியில் முகம் காட்டும் வழியும் உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில், ஆண்டுச் சரிபார்ப்பு முடியவில்லை என்று 58,000-க்கும் மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களுக்குப் பணம் வரவில்லை. பிறகு பாதுகாப்பு அமைச்சகம் சிறப்பு விலக்கு தந்து மே மாதம் வழங்கியது. பணம் வந்தாலும் பயம் போகவில்லை. ‘நின்னுடும்’ என்ற சொல் பலிப்பது, உண்மையிலேயே ஒருமுறை நின்றதால்தான். மோசடிக்காரரின் மூலதனம் அந்தப் பயம். அதைப் போட்டுக் கொடுத்தது நடைமுறை.

‘ஓடிபியைச் சொல்லாதீர்கள்’ என்று எச்சரிப்பது நல்லதே. பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால், கைமாறும் வழியிலேயே அதை முடக்க வாய்ப்புண்டு. ஆனால் இரண்டும் பாரத்தை முதியவர் தோளிலேயே ஏற்றுகின்றன. ஆண்டுதோறும் அவர் தம்மை நிரூபிக்கிறார். அலுவலகம் தன்னை அவரிடம் நிரூபிப்பதில்லை. அரசும் வங்கிகளும் பேசுவதற்கென 1600 எனத் தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓய்வூதிய அழைப்புகள் அதிலிருந்து மட்டுமே வரும் என்று உறுதியாக்கலாம். சான்று வராவிட்டால் பணத்தை நிறுத்துமுன் வீட்டுக்கு ஆள் அனுப்பலாம்.

அதுவரை காவல் விதி இதற்கும் பொருந்தும். அடையாளச் சொல்லை வருபவர்தான் சொல்ல வேண்டும். காவலில் நிற்பவர் சொல்லக் கூடாது.