ஓடுதளத்தின் ஓரத்தில் ஒருத்தி

போர் விமானத்தில் ஏறிச் சென்றவனைப் பற்றி வண்டி வண்டியாக எழுதிக் குவித்துவிட்டனர். அவனுக்கு விருது உண்டு, வெற்றிமாலை உண்டு, விழுந்து மடிந்தால் நினைவுச் சின்னமும் உண்டு. அவன் புறப்பட்ட தளத்துக்கு அருகே அறை பிடித்துக் குடியேறி, மாதச் சம்பளத்துக்கு உழைத்து, இரவில் எத்தனை விமானம் போயிற்று, எத்தனை திரும்பிற்று என்று எண்ணிக் கிடந்த பெண்ணைப் பற்றி நம் நாட்டில் எழுதியவர் யார்?

எங்கோ கிடக்கும் ஒரு விந்தையைப் பற்றி நாம் கேட்கவில்லை. சிட்லபாக்கத்துக்கு அடுத்தாற்போல்தான் தாம்பரத்து விமானத் தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டுகளில் அது பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளமாக, ‘எச்.எம்.எஸ். வள்ளூரு’ என்ற பெயரோடு விளங்கிற்று. தரையில் நிற்கும் தளத்துக்கும் கப்பலின் பெயர் சூட்டுவது அவர்கள் வழக்கம். ஏரிகள் சூழ்ந்த ஊருக்கு அது பொருத்தம்தான்! 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு வீசினர்; மூட்டை முடிச்சோடு சென்னை மக்கள் ஊர் ஊராக ஓடினர். 1943 அக்டோபரில் சென்னையின் மீதும் குண்டு விழுந்தது. ஆண்கள் பலரும் ஓடிய அதே 1942இல்தான் இந்தியப் பெண்கள் துணைப்படை அமைந்தது. காக்கிப் புடவை உடுத்திய பெண்கள் தட்டச்சுப் பொறியின் முன்னும் தொலைபேசிப் பலகையின் முன்னும் அமர்ந்தார்கள். அடுப்பங்கரையே பெண்ணுலகம் என்று ஓதி வந்த நாட்டில் இது சின்னச் செய்தியா?

நம் கலையுலகம் இதை எப்படிப் பார்த்தது? கச்சாப் பிலிம் பங்கீட்டுப் பொருளாகிவிட்ட காலம் அது. படத்தின் நீளம் பதினோராயிரம் அடிக்குமேல் போகக் கூடாதென்று கட்டளை. போருக்கு ஆதரவான படம் எடுக்கவேண்டும் என்ற நெருக்கடி வேறு. அந்த நெருக்கடியில் 1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தந்த படம் ‘பர்மா ராணி’. ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் இறங்க நேர்ந்த நம் விமானப் படையினருக்குத் துணை நிற்கும் ராணியாகக் கே.எல்.வி. வசந்தா வருகிறார். அதே ஆண்டில் கே. சுப்பிரமணியம் எடுத்த ‘மானசம்ரட்சண’த்தில் எஸ்.டி. சுப்புலட்சுமி கதைத் தலைவி. பெண்ணைத் துணிவுள்ளவளாகக் காட்ட முன்வந்தார்களே, அதற்காக இரு படங்களையும் பாராட்டலாம். ஆனால் துணிவுள்ள பெண் ஏன் ‘ராணி’யாகத்தான் இருக்கவேண்டும்? போரிடையே அவளைப் பற்றி எழுந்த கேள்வி ஏன் ‘மான’த்தில் போய் முட்டவேண்டும்? வாடகை கொடுப்பவளாக, ரயிலைத் தவறவிட்டுத் திண்டாடுபவளாக, மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்பவளாக ஒரு பெண் நம் திரையில் வரவில்லை. வானத்தில் பறந்த நாயகனுக்கு ஏற்ற நாயகி அவள் அல்லள் என்று எண்ணினர் போலும்.

ஆங்கில நாடகாசிரியர் டெரன்ஸ் ரட்டிகன் விமானப் படையில் துப்பாக்கி வீரராகப் பணிபுரிந்தவர். 1942இல் அவர் எழுதி அரங்கேறிய ‘ஃப்ளேர் பாத்’ நாடகத்தில் போர்க்களமே இல்லை. குண்டுவீச்சுத் தளத்தருகே ஒரு தங்கும் விடுதி, அதன் கூடம், அங்கே காத்திருக்கும் மனைவியர். அவ்வளவுதான். அவர்களுள் மாடி என்பாள் சலவை நிலையத்தில் வேலை செய்பவள். விமானத்தின் பின்புறத் துப்பாக்கியைப் பிடிக்கும் கணவனைக் காணச் சிறு விடுப்பில் வந்தவள். வீடு குண்டுக்கு இரையானதைப் பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொல்கிறாள். கண்ணீர் இல்லை, வசனமழை இல்லை. அரங்கத்தில் இருப்பவன் கலங்குகிறான். நம் நாடகக்காரரிடம் கொடுத்திருந்தால் அவள் வாயில் இரண்டு பக்க அடுக்குமொழியைத் திணித்திருப்பார்கள்! அந்தக் குற்றம் நம் இயக்க மேடைக்கும் உண்டு.

அயலார் எழுதியதாலேயே எல்லாம் அழகு என்று நாம் தலையாட்டப் போவதில்லை. நெவில் ஷூட் 1944இல் வெளியிட்ட ‘பாஸ்டரல்’ நாவலின் நாயகி ஜெர்வேஸ், விமானத் தளத்துக்குப் பணிபுரிய வந்த மகளிர் படை அதிகாரி. செய்திப் பிரிவில் பொறுப்பு. தளத்துக்கும் வேலைக்கும் அவள் பழகுவதை ஆசிரியர் பரிவோடு எழுதுகிறார். ஒரு விமானி அவளை மணக்கக் கேட்கிறான். வேலை செய்ய வந்தவள் நான் என்ற நினைப்போடு மறுக்கிறாள். என்ன நியாயமான மறுப்பு! ஆனால் கதை அவளை அந்த நியாயத்தில் நிற்கவிடவில்லை. மறுக்கப்பட்டவன் சோர்கிறான், அவன் சோர்வால் விமானக் குழுவே தடுமாறுகிறது, அவள் இளகினால்தான் எல்லாம் சரியாகும் என்ற நிலையைக் கதையே உண்டாக்குகிறது. இளகுகிறாள், மகிழ்ச்சியோடுதான். எனினும் ஐந்து ஆண்களின் உயிருக்கு ஒரு பெண்ணின் ‘இல்லை’ என்ற சொல்லைப் பொறுப்பாக்குவது காதலா, கட்டாயமா? ரட்டிகனும் இதில் தப்பவில்லை. அவர் நாடகத்து நடிகை பாட்ரிசியா, அச்சத்தால் உடைந்துபோன விமானிக் கணவனுக்காகத் தன் பழைய காதலனைக் கைவிடுகிறாள். ஊருக்கு நன்மை, அவளுக்கு? அந்தக் கேள்வியைக் கேட்குமுன் திரை விழுந்துவிடுகிறது.

நம்மூர்ப் பெண்ணின் கதை இவற்றிலிருந்து வேறுபடும். அங்கே விடுதிக்காரி பெட்டியை எங்கே வைப்பதென்று கேட்பாள். இங்கே வீட்டுக்காரர் முதலில் கேட்பது சாதி, அடுத்துக் கேட்பது, “கூட யார் இருக்கிறார்கள்?” தனியாக வந்தேன் என்றால் கதவு பாதி சாத்தப்படும். இரவுப் பணி என்றால் மீதியும் சாத்தப்படும். தலைக்கு மேல் பறக்கும் எதிரியைவிடத் தெருத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாக்குக்கு அவள் அஞ்சவேண்டியிருக்கும். இதை எழுதக் கோடம்பாக்கத்துப் பொம்மை விமானம்கூடத் தேவையில்லை.

எழுத விரும்பும் தோழர், 1942இன் ஒரு மாலைநேரத்தை எடுத்துக்கொள்ளட்டும். தாம்பரம் நிலையத்தில் மின்சார ரயில் நிற்கிறது. தகரப் பெட்டியோடு இறங்கியவள் வாடகைக்கு அறை கேட்டுத் தெருத் தெருவாக நடக்கிறாள். முதற்காட்சி முழுதும் அதுவே நடக்கட்டும். விமானம் இரண்டாம் காட்சியில் வந்தால் போதும்.