தேய்மானத்தை வாசிப்பது

புதுத் தோல் கையுறையை உழைத்த கையுறையாக்க ஒரு செய்முறை இருக்கிறது. தண்ணீரில் நனைத்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, காயும்வரை விரலை மடக்கி நீட்ட வேண்டும். மூட்டிலும் விரல் நுனியிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சாயம் வெளிறும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் இன்னும் வெளிறும். அப்புறம் எண்ணெய், புழுதி, கசக்கல். சினிமாவில் தொழிலாளி வேஷம் கட்டுகிறவருக்கு இது வேணும், சரி. வேஷம்னு சொல்லிக் கட்டுவதில் பொய் இல்லை. ஆனால் கடைக்கு வரும்போதே பழசாக்கி, அந்தப் பழசுக்குத் தனி விலை வைத்து விற்கிறார்களே, அதை என்னவென்று வாசிப்பது? பத்து வருஷத்து உழைப்பின் தடம் ஒரே மத்தியானத்தில் ஏறிவிடுகிறது. வேலைதான் நடக்கவில்லை.

தேய்ந்த தோலைப் பார்த்து உருகியவர்களில் பெரிய தத்துவவாதியும் உண்டு. வான்கா 1886இல் வரைந்த ஒரு சோடி பூட்ஸ். அதில் ஒரு விவசாயப் பெண்ணின் உழைப்பையும் மண்ணையும் தானியத்தையும் கண்டார் ஹைடெக்கர். அவை ஓவியருடைய சொந்த பூட்ஸ்தான் என்று 1968இல் மறுத்தார் மேயர் ஷப்பிரோ. வான்காவுடன் படித்த கோஸி சொன்னது இன்னும் வேடிக்கை: பழைய சாமான் சந்தையில் துடைத்து மெருகேற்றி வைத்திருந்த பூட்ஸை வாங்கி, மழைநாளில் சேற்றில் நடந்து அழுக்காக்கிய பிறகே வான்கா வரைந்தாராம். அங்கேயும் செய்முறைதான்!

இவ்வளவு பெரிய சண்டையும் யார் போட்டது என்பதைப் பற்றியே. உரித்தது யார், ஊறப்போட்டது யார், மயிர் கழித்தது யார்? தலித் வாசிப்புக்கு முதல் கேள்வியே இதுதான். போட்டவர் உழைப்பு தோலில் தெரியும். பதனிட்டவர் உழைப்பு தெரியாது, தெரியவும் கூடாது. கத்தி பட்ட கீறல் ஒன்று இருந்தாலும் அது பழுது. தரம் பிரிக்கிறபோது கழித்துவிடுவார்கள். கொல்கத்தாவில் தைத்துக் கப்பலேறும் கையுறையானாலும் சரி, ஆம்பூர் பூட்சானாலும் சரி, செய்தவரைத் துடைத்தெடுத்த பிறகுதான் அது சரக்கு. அப்படித் துடைத்த தோலின்மேல் யாரோ ஒரு கற்பனைத் தொழிலாளியின் தேய்மானத்தை வரைந்து விற்கிறார்கள்.

நிஜத் தடம் வேறிடத்தில் இருக்கிறது. எங்க பெரியப்பா முப்பது வருஷம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. வெறுங்கை. மயிரைக் கரைக்கிற சுண்ணாம்பும் சல்பைடும் விரல் தோலை மட்டும் விட்டுவைக்குமா? ஊருக்குள் அந்தக் கையில் காசு வாங்க மாட்டார்கள், திண்ணையில் வைக்கச் சொல்வார்கள். 2020இல் ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்தது. பெரியப்பா பெருவிரலை வைத்தார், விழவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு அடுத்த விரல். பத்து விரலும் பார்த்தாயிற்று.

"ரேகையே இல்லியே பெரியவரே, கார்டுல வேற யாராச்சும் இருந்தா அனுப்புங்க" என்றார் கடைக்காரர்.

கார்டில் அவர் மட்டும்தான்.