ஒப்பந்தத்தின் கணக்கில் வராதவர்கள்

‘ஐரோப்பியர் வருகை’ என்று நம் பாடப்புத்தகங்களில் ஒரு அத்தியாயம் உண்டு. போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள். எம்.ஏ. தமிழ் முடிக்கும்வரை நானும் இதைத்தான் ஒப்பித்தேன். இந்தக் கதையாடல் யார் கப்பலில் நின்றுகொண்டு நம் கரையைப் பார்க்கிறது என்ற கேள்வியே எழவில்லை.

1652இல் இங்கிலாந்துக்கும் டச்சுக்காரர்களுக்கும் கடற்போர் மூண்டபோது இரண்டுமே குடியரசுகள். ஒன்று 1649இல் மன்னன் தலையை வெட்டியது. மற்றது ஸ்பெயின் மன்னனை உதறிவிட்டு வந்தது. முடியாட்சியை மறுத்த இரண்டு பேருக்கும் சரக்கை யார் கப்பல் ஏற்றுவது என்பதில் அடிதடி. 1654 ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டர் ஒப்பந்தம்.

அதை ஒரு பிரதியாக வாசிப்போம். 1611 முதல் 1652 வரை கிழக்கில் நேர்ந்த நஷ்டங்களை இருதரப்பு ஆணையர்களும் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறது அது. பார்த்தார்கள். ஆங்கிலக் கம்பெனிக்கு 85,000 பவுன். 1623இல் அம்போய்னா தீவில் டச்சுக்காரர்கள் சித்திரவதை செய்து கொன்ற பத்து ஆங்கிலேயரின் வாரிசுகளுக்கு 3,615 பவுன். கூடவே கொல்லப்பட்ட ஒன்பது ஜப்பானியரின் வாரிசுகள் இந்தக் கணக்கில் இல்லை.

அதே காலகட்டத்தையொட்டி நம்ம கரையில் நடந்ததென்ன? செஞ்சி நாயக்கர் சம்மதத்தோடு 1608இல் டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் காலூன்றினார்கள். 1610இல் பழவேற்காடு, 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டை. 1640களில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. வயிற்றுக்கு வழியில்லாத ஜனம் பிள்ளைகளை விற்றது, தன்னையே விற்றது. 1646இல் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகளாகப் படாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் சோழமண்டலத்தின் தென்கரையிலிருந்து போனவர்கள்.

‘ரெண்டு நாட்டுக்காரன் போட்ட ஒப்பந்தத்துல நம்மாளுங்க எப்படிய்யா வருவாங்க?’ என்றார் நண்பர் ஒருவர். சரியான கேள்விதான். நஷ்டம் என்று ஒன்றைச் சொல்லவே பின்னால் ஒரு அரசு நிற்க வேண்டும் என்பதே அந்தப் பிரதியின் தர்க்கம். அங்கே அவர்கள் ஏற்றிய சரக்கு; சரக்கு நஷ்டஈடு கேட்காது.

ஆனால் நம் எழுத்துக்கு அந்தச் சாக்குக் கிடையாது. வாங்கியவன் டச்சுக்காரன் என்றால், பிடித்துக்கொடுத்த தரகன் நம்மூர்க்காரன். இதையும் சேர்த்துப் பேசாத ஏகாதிபத்திய எதிர்ப்பு பாதி எதிர்ப்புதான். விற்கப்பட்டவர்கள் எந்தச் சேரியிலிருந்து, எந்தத் தறிமேட்டிலிருந்து போனார்கள் என்று நாம் தேடியிருக்கிறோமா? நம் சரித்திர நாவல்கள் இன்னும் கோட்டையையும் குதிரையையும் விட்டு இறங்கவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து செஞ்சி நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கோட்டையைப் பார்க்க பஸ் பிடித்துப் போகிறோம். அதன் நிலத்திலிருந்து கரைக்கு நடத்திச் செல்லப்பட்டவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு பக்கம்கூட இல்லை. குடியரசு என்ற சொல்லில் ‘குடி’ யார் என்ற கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.